விரலும் விழியும்: இதய வால்வுச் சத்திரசிகிச்சையின் வரலாறு

மனித உடலின் உறுப்புக்களுள் சத்திரசிகிச்சைக்கு இறுதியாக இணங்கியது இதயமே. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்கு முன்னரே, வயிற்றைத் திறந்து குடலைத் தைக்கவும் மண்டையோட்டைத் திறந்து மூளையிலுள்ள கட்டியை அகற்றவும் மேலைநாட்டு வைத்தியர் கற்றுவிட்டனர். மயக்கமருந்தும் கிருமி நீக்கும் முறையும் அவர்களுக்கு அத்துணிவைத் தந்தன. இதயமோ ஓயாது துடிப்பது. உடலின் குருதி முழுவதும் நிமிடந்தோறும் அதனூடாகச் சென்று மீள்வது. அதனை நிறுத்தினால் உயிர் நிற்கும். நிறுத்தாது வெட்டினால் குருதி பீறிடும். இவ்விரு இடர்களுக்குமிடையே வழிகாண முயன்ற ஒரு நூற்றாண்டு உழைப்பின் பயனே, மார்பெலும்பைப் பிளவாது, இயந்திரக் கைகளின் துணைகொண்டு இதய வால்வைச் சீராக்கும் இக்கால முறையாகும்.

இம்முறையைப் பொறியியலின் வெற்றியென்று மட்டும் போற்றுதல் பெருவழக்கு. வரலாற்றை நோக்குமிடத்து, அதன் பின்னே இரு வினாக்கள் தொடர்ந்து எழுந்தமை புலனாகும். துடிக்கும் உறுப்பினுள்ளே நிகழ்வதைத் தொட்டு அறிவதா, கண்டு அறிவதா என்பது முதலாவது. அவ்வாறு அறிந்து பெற்ற வெற்றியை உலகம் ஏற்குமா, ஏற்பின் அது யாரைச் சென்றடையும் என்பது இரண்டாவது. முதல் வினாவுக்குக் கருவிகள் விடை கூறின. இரண்டாவது வினாவுக்கு இன்னும் முழுமையான விடை கிடைத்திலது.

வால்வும் அதன் நோயும்

இதயம் நான்கு அறைகளை உடையது. மேலுள்ளவை இரு சோணையறைகள். கீழுள்ளவை இரு இதயவறைகள். சுவாசப்பையில் ஒட்சிசனை ஏற்ற குருதி இடது சோணையறைக்கு வந்து, அங்கிருந்து இடது இதயவறைக்கு இறங்குகின்றது. இவ்விரு அறைகளுக்குமிடையே வாயிற்கதவாய் நிற்பது இருகூர் வால்வு. மெல்லிய இரு இதழ்கள், அவற்றைத் தாங்கும் வளையம், இதழ்களின் விளிம்பிலிருந்து இறங்கும் நுண்ணிய நாண்கள், அந்நாண்களைப் பற்றி நிற்கும் சிறு தசைத்தூண்கள் என்பன அதன் உறுப்புக்கள். இதயவறை சுருங்கும்போது இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தி மூடிக்கொள்ளும். பெருங்காற்றிற் குடை மறுபுறம் புரளுவதுபோல இதழ்கள் மேலே புரண்டுவிடாது காப்பவை நாண்களே.

16ஆம் நூற்றாண்டில் உடலமைப்பியலை ஆராய்ந்த வெசாலியஸ், இவ்வால்வின் உருவம் கிறித்தவ மேற்றிராணியாரின் தலையணியை ஒத்திருக்கக் கண்டு அவ்வணியோடு ஒப்பிட்டார். மேலைநாட்டார் இன்றும் வழங்கும் 'மைற்றல்' என்னும் பெயர் அவ்வொப்புமையின் வழியே வந்தது. அவருக்குச் சற்று முன்னர் ஓவியர் லியனாடோ டா வின்சி, எருதின் இதயத்தை அறுத்துப் பார்த்துப் பெருநாடி வால்வை வரைந்தார். அதன் இதழ்களின் பின்னே குருதி சுழித்தோடுவதால் இதழ்கள் மூடிக்கொள்கின்றன எனவும் உய்த்துணர்ந்தார். 1628இல் வில்லியம் ஹாவி குருதிச் சுற்றோட்டத்தை நிறுவியபோது, வால்வுகள் ஒருவழிக் கதவுகள் என்பதே அவர்தம் வாதத்துக்கு உறுதுணையாயிற்று.

இக்கதவு இருவகையாற் கெடும். ஒன்று ஒடுக்கம், மற்றொன்று கசிவு. ஒடுக்கத்துக்குப் பெருங்காரணம் வாதக் காய்ச்சல். சிறுவரின் தொண்டையைப் பற்றும் ஒருவகைப் பற்றீரியாவை எதிர்க்க எழும் உடலின் காப்பாற்றல், தவறுதலாக இதயத்தையும் தாக்குகின்றது. தழும்பேறிய இதழ்கள் விளிம்புகளில் ஒட்டிக்கொள்ள, 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர் வரை திறக்கவேண்டிய வாயில் 1 சதுர சென்ரிமீற்றருக்கும் குறைந்துவிடும். குருதி பின்னே தேங்கச் சுவாசப்பை நனையும்; நோயாளி படியேறவும் மூச்சின்றித் தவிப்பார். கசிவோ பெரும்பாலும் வயது முதிர்ந்தோரிடம் காணப்படுவது. இதழ் தளர்ந்து நாண் அறுவதால் நேர்வது. முன்னையது வறுமையும் நெருக்கமான குடியிருப்பும் உள்ள இடங்களிற் பெருகும். பின்னையது நீண்ட ஆயுளுடைய சமுதாயங்களிற் பெருகும். இவ்வேறுபாடு இவ்வரலாற்றின் முடிவில் மீண்டும் எதிர்ப்படும்.

இயற்கை வகுத்த எல்லை

1896இல் இலண்டனைச் சேர்ந்த ஸ்ரீபன் பஜெற் மார்புச் சத்திரசிகிச்சை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இதயச் சத்திரசிகிச்சை இயற்கை விதித்த எல்லையைத் தொட்டுவிட்டது, இனி எந்தப் புதுமுறையும் இதயக் காயத்தின் இடர்களை வெல்லாது என்பது அவருடைய கருத்து. அதே ஆண்டு செப்ரெம்பர் 9ஆம் நாள், ஜேர்மனியின் பிராங்பேட் நகரில் லுட்விக் றென் என்பவர், கத்திக்குத்தினாற் கிழிந்த ஓர் இளைஞனின் வலது இதயவறையைத் தைத்தார். இளைஞன் பிழைத்தான். இயற்கையின் எல்லையெனக் கூறப்பட்டது மனிதர் தம் அச்சத்தின் எல்லையே என்பது அந்த ஆண்டிலேயே வெளிப்பட்டது.

ஆயினும் காயத்தைத் தைப்பது வேறு. உள்ளே புகுந்து வால்வைத் திருத்துவது வேறு. 1902இல் ஆங்கில வைத்திய அறிஞர் லோடர் பிறன்ரன், ஒடுங்கிய இருகூர் வால்வைச் சத்திரசிகிச்சையால் அகலப்படுத்தலாம் என 'லான்செற்' என்னும் வைத்திய இதழில் எழுதினார். அவர் கத்தியெடுக்கும் வைத்தியர் அல்லர். மருந்துகளின் இயல்பை ஆராய்ந்தவர். எண்ணிப் பார்க்கவும் ஆகாததை எழுதினாரெனக் கண்டனமே அவருக்குக் கிடைத்தது. இருபதாண்டுகள் எவரும் முன்வரவில்லை.

1923ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் எலியற் கட்லர் ஒரு சிறுமியின் இதயவறைச் சுவரினூடாக வளைந்த கத்தியொன்றைச் செலுத்தி, ஒடுங்கிய வால்வைக் கீறினார். சிறுமி நான்காண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள். அவர் அடுத்துச் சிகிச்சை செய்த நோயாளரோ ஏறக்குறைய எல்லோரும் விரைவில் மாண்டனர். இதழின் ஒரு பகுதியை வெட்டி அகற்ற, ஒடுக்கம் நீங்கிக் கடுங்கசிவு நேர்ந்தது. கதவைத் திறக்க முயன்று கதவையே பெயர்த்தெடுத்தமை போலாயிற்று. கட்லர் அம்முயற்சியைக் கைவிட்டார்.

ஒரு சுட்டுவிரல்

1925ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் இலண்டன் வைத்தியசாலையில் ஹென்றி சௌற்றர், வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட ஓர் இளம்பெண்ணின் மார்பைத் திறந்தார். இடது சோணையறையின் ஓரத்தில் காதுமடல் போன்றதொரு சிறு பை உண்டு. அதனைக் கவ்வியால் இறுக்கி, நுனியைக் கீறி, தம் சுட்டுவிரலை உள்ளே நுழைத்தார். குருதி சிந்தாவண்ணம் விரலே துளைக்கு அடைப்பாயிற்று. துடிக்கும் இதயத்தினுள் மனித விரலொன்று வால்வின் இதழ்களைத் தடவிப் பார்த்தது. கத்தியைப் பயன்படுத்துவது அவர்தம் முதல் எண்ணம். ஆயின் கசிவும் இருந்தமையை விரலால் உணர்ந்த அவர், வெட்டினால் கேடு மிகுமெனக் கண்டு, விரலாலேயே வாயிலை விரித்துவிட்டு விரலை மீட்டுக்கொண்டார். நோயாளி தேறி வீடு சென்றார்; ஐந்தாண்டுகள் வாழ்ந்தார்.

கட்லரின் கத்திக்கும் சௌற்றரின் விரலுக்கும் இடையேயிருந்த வேறுபாடு ஆழமானது. இருவரும் வால்வைக் கண்ணாற் காணவில்லை. ஆயின் கத்தி எதனையும் உணராது, விரல் உணரும். உணர்ந்தமையால் எங்கே நிறுத்துவது என்பதையும் விரல் அறிந்தது. இதய உட்புறத்தை விரலின் தொடுகையால் மிகத் தெளிவாக அறியலாம் என்னும் கருத்தைச் சௌற்றர் தம் அறிக்கையில் வெளியிட்டார்.

இத்தகைய வெற்றியின் பின்னர் நோயாளர் திரண்டு வந்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ மறுதலை. சௌற்றரிடம் இரண்டாவது நோயாளி அனுப்பப்படவேயில்லை. காரணம் யாது? அக்காலத்து ஆங்கில இதயநோய் வைத்தியம் சேர் ஜேம்ஸ் மக்கென்சியின் கொள்கைவழி நின்றது. இதயத்தின் கேடு அதன் தசையிலேயே உள்ளது, வால்வின் ஒடுக்கம் அத்துணை முக்கியமன்று என்பது அக்கொள்கை. கெட்டது தசையாயின் வால்வைத் திருத்துவதாற் பயனென்ன என்று வைத்தியர் கருதினர். பல்லாண்டுகளின் பின் அமெரிக்க வைத்தியரொருவர் கடிதம் எழுதி வினவியபோது, வைத்தியர்கள் அம்முறையை வீணென ஒதுக்கியதால் மீண்டுஞ் செய்ய வாய்ப்புக் கிட்டவில்லை எனச் சௌற்றர் விடை பகர்ந்தார்.

சத்திரசிகிச்சை வைத்தியர் தாமே நோயாளரைத் தேடிக்கொள்ள இயலாது. நோயை முதலிற் காணும் வைத்தியர் அனுப்புதல் வேண்டும். ஆதலின் கைத்திறன் இருந்தும், சான்று இருந்தும், ஒரு கொள்கையின் மதிப்பு 23 ஆண்டுகள் வாயிலை அடைத்து நின்றது. அவ்விடைக்காலத்தில் ஒடுங்கிய வால்வோடு வாழ்ந்து மறைந்த இளைஞரும் யுவதிகளும் எண்ணற்றோர்.

1948

இரண்டாம் உலகப்போர் அவ்வாயிலைத் திறந்தது. அமெரிக்கப் படையின் வைத்தியராக இங்கிலாந்திற் பணியாற்றிய டுவைற் ஹார்க்கன், காயமுற்ற வீரரின் மார்பில் இதயத்தை அடுத்தும் அதனுள்ளும் தங்கிய 134 குண்டுச் சிதறல்களை அகற்றினார். அவற்றுள் 13 இதய அறைகளினுள்ளேயே கிடந்தவை. ஒருவரேனும் இறந்திலர். இதயம் தொடலாகாத உறுப்பு என்னும் நம்பிக்கை போர்க்கள வைத்தியசாலைகளிற் பொய்த்தது.

1948ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பிலதெல்பியாவில் நிகழ்ந்தது இவ்வரலாற்றின் மிகக் கடுமையான நிகழ்ச்சி எனலாம். சாள்ஸ் பெயிலி என்பார் ஒடுங்கிய வால்வைத் திறக்க முயன்று தம் நோயாளரை ஒருவர்பின் ஒருவராக இழந்திருந்தார். அன்று காலை ஒரு வைத்தியசாலையில் நான்காவது நோயாளியும் இறந்தார். செய்தி பரவினால் எங்கும் தமக்கு இடம் மறுக்கப்படும் என்பதை உணர்ந்த அவர், அன்று பிற்பகலே மற்றொரு வைத்தியசாலையில் 24 வயதுப் பெண்ணொருவருக்கு அதே சிகிச்சையைச் செய்தார். அப்பெண் பிழைத்தார், பல்லாண்டு வாழ்ந்தார். ஆறு நாட்களின் பின் பொஸ்ரனில் ஹார்க்கனும், செப்ரெம்பரில் இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் றசல் புறொக்கும் ஒருவரை ஒருவர் சாராது இவ்வெற்றியைப் பெற்றனர்.

பெயிலியின் செயல் துணிவா, துணிச்சலின் வரம்புமீறலா என்னும் வினா இன்றும் விவாதத்துக்குரியது. இறந்த நால்வரின் இழப்பின்றி ஐந்தாமவரின் வாழ்வைக் கூறல் ஆகாது. இக்காலத்தில் ஒரு புதிய முறையைச் சோதிக்குமுன் ஒழுக்கக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டப்படுதல், இத்தகைய நாட்களின் நினைவிலிருந்து பிறந்த வழக்கமாகும்.

அவ்வாண்டுக்குரிய மற்றொருவர் ஹொறஸ் சிமிதி. அமெரிக்காவின் சாள்ஸ்ரன் நகரத்தவர். தாமே வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர். 1948 ஜனவரியிலிருந்து ஏழு நோயாளரின் இருகூர் வால்வைத் திறந்து ஐவரை உயிர்காத்தார். தம் நோய்க்கு அத்தகைய சிகிச்சை செய்ய வல்லார் ஒருவரும் கிட்டாமையால், அதே ஆண்டு ஒக்ரோபரில் 34ஆம் வயதிற் காலமானார்.

பெயிலியும் புறொக்கும் செய்தது சௌற்றர் செய்ததன் வளர்ச்சியே: சோணையறையினூடே விரலை, சிலபோது விரலோடு பிணைந்த சிறு கத்தியை, நுழைத்து ஒட்டிய இதழ்களைப் பிரித்தல். இம்முறை ஏழைநாடுகளுக்கு ஏற்றதாயிற்று. தமிழகத்தின் வேலூர்க் கிறித்தவ வைத்தியக் கல்லூரியினர், துடிக்கும் இதயத்தில் இவ்வாறு வால்வைத் திறந்த 3,724 நோயாளரின் விளைவுகளை 1983இல் வெளியிட்டனர். உலக வைத்திய இலக்கியத்தில் இத்துறைக்குரிய பெருந்தொகுப்புக்களுள் அதுவும் ஒன்று. இலண்டனில் இரண்டாமவரைக் காணாத விரல், வேலூரில் ஆயிரக்கணக்கானோரை அடைந்தது.

விழி திறந்த காலம்

விரல் ஒட்டியதைப் பிரிக்கும், தளர்ந்ததைத் தைக்காது. கசியும் வால்வைச் சீராக்க வேண்டின் அதனைக் கண்ணாற் காணல் வேண்டும். காண வேண்டின் இதயத்தை நிறுத்திக் குருதியை அகற்றல் வேண்டும். அதுவரை உடலுக்குக் குருதியோட்டுபவர் யார்?

1931இல் பொஸ்ரனில் ஓரிரவு, சுவாசப்பை நாடி அடைபட்டு மாளும் பெண்ணொருத்தியின் அருகிருந்து காவல் செய்த இளம் வைத்தியர் யோன் கிபனின் உள்ளத்தில் இவ்வினா எழுந்தது. நாளங்களிலிருந்து கருங்குருதியை வெளியே எடுத்து, ஒட்சிசனூட்டி, நாடிக்குள் மீளச் செலுத்தும் பொறியொன்றை அவரும் அவர் மனைவியும் இருபதாண்டுக்கு மேலாக உருவாக்கினர். 1953ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், சௌற்றர் விரல் நுழைத்த நாளுக்குச் சரியாக 28 ஆண்டுகளின் பின், பிலதெல்பியாவில் 18 வயதுப் பெண்ணொருவரின் இதயச் சுவர்த்துளை அப்பொறியின் துணையால் மூடப்பட்டது. 26 நிமிடங்கள் அப்பெண்ணின் உயிரைப் பொறியே தாங்கியது. கிபனின் அடுத்த நோயாளர் பிழைக்கவில்லை. அவரும் கட்லரைப்போல ஒதுங்கினார். ஆயின் இம்முறை உலகம் 23 ஆண்டுகள் காத்திருக்கவில்லை. 1955இலேயே மேயோ மருத்துவ நிலையத்தில் யோன் கேர்க்ளின் பொறியைத் திருத்திப் பயன்படுத்தினார். 1957இல் மினசோற்றாவின் வால்ரன் லில்லெஹை, கசியும் இருகூர் வால்வைக் கண்ணாற் கண்டு தைத்துச் சீராக்கிய செய்தியை வெளியிட்டார்.

அதேகாலத்தில் மார்பைத் திறவாமலே வால்வைக் காணும் வழியும் பிறந்தது. 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் வைத்தியர் இங்கே எட்லரும் பௌதிகவியலாளர் ஹெல்முத் ஹேட்சும், கப்பற்றளத்தில் உலோகக் குறைகளைக் கண்டறியும் ஒலியலைப் பொறியொன்றை இதயத்தின்மேற் செலுத்தினர். சத்திரசிகிச்சைக்கு முன் இருகூர் வால்வின் நிலையைத் திட்டமாய் அறியவேண்டும் என்பதே எட்லரின் நோக்கம். இன்று உலகெங்கும் வழங்கும் எதிரொலி இதயப்படம் அவ்விருவரின் கொடை.

1960இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அல்பேட் ஸ்ரார் என்னும் வைத்தியரும், ஓய்வுபெற்ற நீரியக்கப் பொறியியலாளர் லோவல் எட்வேட்சும், கூண்டினுள் உருளும் பந்து வடிவான செயற்கை வால்வை ஆக்கினர். கெட்ட வால்வை அகற்றி இதனைப் பொருத்தல் எளிதும் உறுதியும் வாய்ந்தது. ஆயின் செயற்கைப் பொருளைக் கண்ட குருதி உறையும். அதனைத் தடுக்க வாழ்நாள் முழுவதும் மருந்துண்ணல் வேண்டும். மருந்து மிகுந்தால் குருதிப்பெருக்கு நேரும். உயிர் மீண்டது, நோயாளி ஒரு புதிய கட்டுக்குள் வாழலானார்.

இக்கட்டை அவிழ்க்க முயன்றவர் பாரிசு நகரின் அலன் கார்ப்பாந்தியே. மாற்றுவதிலும் செப்பனிடுவதே மேல் என்பது அவர்தம் கொள்கை. கெட்ட வால்வின் வளையம் வடிவிழந்து வட்டமாகின்றது என்பதைக் கண்டு, அதன் இயல்பான வடிவை மீட்கும் செயற்கை வளையத்தை 1960களின் இறுதியில் அமைத்தார். இதழ் எவ்வாறு அசைகின்றது என்பதை அடிப்படையாகக்கொண்டு கசிவை வகைப்படுத்தினார். ஒவ்வொரு வகைக்கும் உரிய தையலை வகுத்தார். 1983இல் அமெரிக்க மார்புச் சத்திரசிகிச்சையாளர் அவையில் அவர் ஆற்றிய பேருரை இக்கலையை உலகுக்கு எடுத்துச் சென்றது. 2007இல் ஸ்ராருக்கும் அவருக்கும் இலாஸ்கர் பரிசு ஒருங்கே வழங்கப்பட்டது. மாற்றியவரும் செப்பனிட்டவரும் ஒரே மேடையில் நின்றமை பொருத்தமானதே.

இயந்திரக் கை

விழியால் காணும் முறைக்கு விலையொன்று இருந்தது. மார்பெலும்பை நெடுக அறுத்து, விலாக்கூட்டை இருபுறமும் விரித்தாலன்றி வைத்தியரின் கண்ணுக்கும் கைகளுக்கும் இடம் கிடைக்காது. அறுத்த எலும்பு பொருந்த வாரங்கள் பல செல்லும். வால்வின் காயமோ சிறிது. அதனை அடையும் வழியின் காயமே பெரிது.

1990களின் நடுப்பகுதியில் இவ்வழியைக் குறுக்க முயற்சிகள் எழுந்தன. 1996இல் கார்ப்பாந்தியே பாரிசிலும், றண்டொல்ப் சிற்வுட் அமெரிக்காவின் வட கரோலைனாவிலும், வலது விலா எலும்புகளின் இடையே செய்த சிறு வெட்டினூடாக, நுண்ணிய ஒளிப்படக் கருவியின் துணையுடன் இருகூர் வால்வுச் சிகிச்சை செய்தனர். கண்ணுக்கு வழி கிடைத்தது, கைக்குக் கிடைக்கவில்லை. நீண்ட கோல் போன்ற கருவிகள் மணிக்கட்டின்றி விறைத்து நின்றன. துளையின் வாயிலே அவை திருகாணியிற்போலத் திரும்புவதால், வைத்தியர் வலப்புறம் அசைத்தால் நுனி இடப்புறம் அசைந்தது. கையின் சிறு நடுக்கமும் நுனியில் பெரிதாயிற்று.

இதற்கான விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. போர்முனையிற் காயமுற்ற வீரருக்குத் தொலைவிலுள்ள வைத்தியர் சிகிச்சை செய்யும் வழியை அமெரிக்கப் பாதுகாப்புத்துறை நாடியது; அத்துறையின் ஆதரவுடன் கலிபோர்ணியாவின் ஆராய்ச்சி நிலையமொன்று தொலைக்கை அமைப்பை உருவாக்கியது. அவ்வறிவைப் பெற்று 1995இல் தொடங்கிய நிறுவனம் ஆக்கிய பொறிக்கு 'டா வின்சி' எனப் பெயரிட்டனர். எருதின் இதயத்தை வரைந்த ஓவியரின் பெயர் இவ்வாறு மீண்டும் இதயத்தை வந்தடைந்தது.

இப்பொறி தானே எண்ணிச் செயற்படுவதன்று. வைத்தியர் நோயாளியிலிருந்து சில அடி தள்ளி ஒரு மேசையின்முன் அமர்ந்து, இரு கண்களுக்கும் தனித்தனியே வரும் படங்களால் ஆழம் புலப்படும் காட்சியைப் பன்மடங்கு பெரிதாகக் காண்கிறார். அவர் விரல்களின் அசைவைக் கணனி ஏற்று, மார்பினுள்ளிருக்கும் கருவிகளின் நுனிக்கு அனுப்புகின்றது. நுனியில் மனித மணிக்கட்டைப்போல வளைந்து திரும்பும் மூட்டு உண்டு. கையின் நடுக்கத்தைக் கணனி வடித்துவிடும்; பெரிய அசைவைச் சிறிய அசைவாகக் குறைக்கும். நோயாளியின் தொடையருகிலுள்ள நாடி நாளங்களின் வழியே கிபனின் பொறிக்கு வழிவந்த இதயசுவாசப்பைப் பொறி இணைக்கப்படும். விலாக்களினிடையே சில சிறு துளைகளும் குறுகிய வெட்டொன்றும் போதும். நோயாளியின் அருகே மற்றொரு வைத்தியர் நின்று நூலும் வளையமும் கொடுத்து உதவுவார். இறுதியில் இதயம் மீண்டும் துடிக்கும்போது, எட்லரின் ஒலியலை கசிவு நின்றதா எனச் சான்று கூறும்.

1998 மே மாதத்தில் கார்ப்பாந்தியே இப்பொறியின் முன்மாதிரியைக்கொண்டு முதன்முதலாக இருகூர் வால்வைச் சீராக்கினார். ஜேர்மனியின் லைப்சிக் நகரில் பிறீட்றிக் மோர் விரைவிற் பின்தொடர்ந்தார். 2000 மே மாதத்தில் சிற்வுட் அமெரிக்காவில் அதனைச் செய்தார். பத்து வைத்திய நிலையங்களில் 112 நோயாளர் பங்குகொண்ட ஆய்வொன்று நடைபெற்றது. அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2002 நவம்பரில் இச்சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. 2005இல் வெளியான அவ்வாய்வின் முடிவுகளின்படி எவரும் இறந்திலர். 9 பேரிடம் கசிவு குறிப்பிடத்தக்க அளவு எஞ்சியது. 6 பேருக்கு மறுசத்திரசிகிச்சை வேண்டியிருந்தது. பெயிலியின் காலத்தோடு ஒப்பிடின், இறப்பின்மை மட்டுமன்றி, குறைகளையும் எண்ணி வெளியிட்ட நேர்மையும் ஒரு முன்னேற்றமே.

பெற்றதும் இழந்ததும்

இப்பொறி விழிக்கு அளித்தது மிகுதி. விரலிடமிருந்து எடுத்துக்கொண்டதும் உண்டு. கருவியின் நுனி இழையத்தை எவ்வளவு இறுக்குகின்றது என்பதை வைத்தியரின் கை உணர இயலாது. நூல் இறுகுவதையும் இதழ் நலிவதையும் அவர் கண்ணாலேயே உய்த்துணரப் பழகினார். சௌற்றர் காணாது தொட்டார். இவர்கள் தொடாது கண்டனர். 2024இல் அமெரிக்க அனுமதி பெற்ற புதிய தலைமுறைப் பொறியில், விசையை விரலுக்கு உணர்த்தும் கருவிகள் முதன்முறையாக இடம்பெற்றன. 1925இல் ஒரு விரல் இயல்பாகவே பெற்றிருந்த உணர்வை மீட்டுத்தர ஒரு நூற்றாண்டுக் கால அறிவியல் தேவைப்பட்டது.

சிறுவெட்டின் பயனும் அளவோடு மதிக்கப்படல் வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் 330 நோயாளரைக்கொண்டு, மார்பெலும்பைப் பிளக்கும் முறையையும், இயந்திரக் கையின்றி விலாவிடைச் சிறுவெட்டினூடாகச் செய்யும் முறையையும் ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளியாயிற்று. பன்னிரண்டு வாரங்களின் பின் இரு பிரிவினரின் உடலியக்கத் திறனில் வேறுபாடு காணப்படவில்லை. சிறுவெட்டுப் பெற்றோர் சற்று முன்னதாக வைத்தியசாலையை விட்டுச் சென்றனர். வால்வின் சீரமைப்போ இரு பிரிவிலும் ஒத்திருந்தது. எனவே வெட்டின் நீளம் சிகிச்சையின் தரத்துக்கு அளவுகோலன்று. கார்ப்பாந்தியே வகுத்த சீரமைப்புக் கலையை நன்கு கற்ற கையே, எவ்வழியாகப் புகுந்தாலும், பயன் தரும்.

இவற்றினும் பெரிய வினா ஒன்றுண்டு. இயந்திரக் கை பெரும்பாலும் சீராக்குவது செல்வ நாடுகளின் முதியோரிடம் தளர்ந்து கசியும் வால்வை. பிறன்ரனும் கட்லரும் சௌற்றரும் எதிர்த்து நின்றதோ வாதக் காய்ச்சலால் ஒடுங்கிய வால்வை. இந்நோய் ஒழிந்துவிடவில்லை. 2015ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி 3 கோடியே 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாதக் காய்ச்சலின் இதயநோயோடு வாழ்ந்தனர். அவருட் பெரும்பாலோர் தென்னாசியா, ஆபிரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகிய இடங்களைச் சார்ந்தவர். 2018இல் உலக சுகாதாரப் பேரவை இந்நோயைத் தடுப்பதற்கென ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது.

அவர்களுக்கு உதவியது பெரும்பொறியன்று, சிறு பலூன். 1982இல் ஜப்பானியச் சத்திரசிகிச்சை வைத்தியர் கன்ஜி இனூவே, தொடையின் நாளத்தினூடே மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை ஒடுங்கிய வால்வினிடையே விரித்து, ஒட்டிய இதழ்களைப் பிரித்தார். மார்பில் வெட்டில்லை, இதயம் நிற்பதில்லை. இந்தியாவில், ஐதராபாத்தில், 60 நோயாளரிடம் இம்முறையைத் திறந்த சத்திரசிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வு 1994இல் வெளியாயிற்று. மூன்றாண்டின் பின் பலூனால் திறந்த வால்வுகளே அகன்றிருந்தன. ஆழ்ந்து நோக்கின், அப்பலூன் சௌற்றரின் சுட்டுவிரல் செய்ததையே செய்கின்றது. அதற்கும் முன்னே, தொண்டைநோயுற்ற சிறுவனுக்கு உரிய காலத்தில் அளிக்கப்படும் பெனிசிலின் மருந்து, விரலும் பலூனும் இயந்திரமும் வேண்டாத நிலையை உண்டாக்க வல்லது. ஒருமுறை காய்ச்சல் கண்டவருக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஊசிமூலம் அதனைத் தொடர்ந்து அளித்தால் நோய் மீளாது காக்கலாம்.

முடிவுரை

இவ்வரலாறு கத்தியில் தொடங்கி, விரலையும் விழியையும் கடந்து, விழியும் விரலும் மீண்டும் கூடும் இயந்திரத்தில் வந்து நிற்கின்றது. ஒவ்வொரு படியும் முன்னைய படியின் குறையிலிருந்து எழுந்தது. எதுவும் முன்னையதை முற்றாக அழித்துவிடவில்லை. கிபனின் பொறியும் எட்லரின் ஒலியலையும் கார்ப்பாந்தியேயின் வளையமும் இன்றி இயந்திரக் கை ஒரு வால்வையும் சீராக்கியிராது.

1925இல் சௌற்றரின் விரலுக்குக் குறையாயிருந்தது திறனன்று, சான்றுமன்று. அவரிடம் நோயாளரை அனுப்புவார் இல்லாமையே. இன்று இயந்திரக் கைக்கு அக்குறை இல்லை. அதனை நாடிச் செல்வார் பலர். குறை இன்று வேறிடத்தில் உள்ளது. நோய் மிகுந்த இடத்துக்கும் சிகிச்சை மிகுந்த இடத்துக்குமிடையே உள்ள தொலைவே அது. ஒரு நூற்றாண்டு முன்னர் கொள்கையால் அடைபட்ட வாயில் இன்று பொருளால் அடைபட்டு நிற்கின்றது. அன்று அதனைத் திறந்தது, பழைய கொள்கையைச் சான்றின்முன் நிறுத்தி மறுபடி வினவிய சிலரின் உறுதி. இன்று அதனைத் திறக்க வேண்டுவது, மிகச் சிறிய வெட்டினைத் தேடும் அறிவோடு, மிகத் தொலைவிலுள்ள நோயாளியையும் தேடும் அறமாகும்.